கடற்கழுகுக்கு ஒரு பொட்டு

பிள்ளையாருக்கு வைத்தாயிற்று, லட்சுமிக்கு வைத்தாயிற்று, மாலையோடு சட்டத்துக்குள் இருந்த மாமனாருக்கும் வைத்தாயிற்று. நாலாவது படத்துக்கும் சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமத்தை அழுத்திய பிறகுதான் விரலுக்குக் கீழே கண்ணாடி இல்லை என்பது பத்மாவதிக்கு உறைத்தது.

காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். போனுக்குள் கனடாவிலிருக்கும் தங்கை நிஷாந்தி. புது வீட்டுச் சமையலறைக்கு என்ன நிறம் பூசுவது என்று அவள் அரைமணி நேரமாக ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேக்கிறியே? சாம்பலோ வெள்ளையோ?"

"நிஷா, நான் பிறகு எடுக்கிறன். ஒராளுக்குப் பொட்டு வச்சிட்டன்."

"ஆருக்கு?"

பத்மாவதி அவசரமாகப் போனை வைத்துவிட்டாள்.

சாமித்தட்டில், மாமனாருக்குப் பக்கத்தில், நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாகக் கடற்கழுகு நின்றிருந்தார்.

கடற்கழுகு சாமியும் இல்லை, சொந்தமும் இல்லை. சென்னையில் ஒரு காலத்தில் வெளிவந்து நின்றுபோன படக்கதைப் புத்தகமொன்றின் நாயகன். கழுகு மூக்கு வைத்த முகமூடியோடு பாய்மரத்தின் உச்சியிலிருந்து பாய்கிற கோலம். கீழே கடத்தல்காரர் ஆறு பேர் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். புத்தகத்திலிருந்து கிழித்ததா என்று யாராவது கேட்டுவிட்டால் பத்மாவதியின் கணவர் கதிர்காமநாதனுக்குப் பொல்லாத கோபம் வரும். அச்சுக்குப் போவதற்காக ஓவியர் தன் கையால் மையில் கீறிய அசல் பக்கம் அது. நீலப் பென்சில் கோடுகள் இன்னும் தெரியும். கை பிசகிய இடத்தில் பூசிய வெள்ளை மை தடிப்பாக நிற்கும். பேச்சுக் கூண்டுகள் வேறு தாளில் எழுதி வெட்டி ஒட்டப்பட்டவை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வருவதற்கு முன்னால் இந்த விளக்கம் வரும். கீறியவர் காலமாகிவிட்டார், ஆகவே இப்படி இன்னொன்று இனி உலகத்தில் கிடையாது என்பதோடு அது முடியும். அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

வெள்ளவத்தை மாடிவீட்டின் வரவேற்பறைச் சுவர் முழுக்க இப்படிப்பட்ட பக்கங்கள்தான். காப்புறுதிக் கம்பனியில் மனேஜராக இருக்கிற மனுசனுக்குக் குடியில்லை, சீட்டில்லை, கிரிக்கெட் பைத்தியமும் இல்லை. இதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று பத்மாவதி விட்டிருந்தாள். ஆனால் தன் கண்ணாடி அலுமாரி நிற்க வேண்டிய சுவரில் முகமூடிக்காரர்கள் பாய்ந்துகொண்டிருப்பதைப் பற்றி மாதம் ஒருமுறையாவது ஒரு பாட்டம் பேசாமல் விடமாட்டாள்.

கடற்காற்றில் கடற்கழுகின் கண்ணாடிக்கு உட்புறம் பூசணம் பிடித்துவிட்டது. திருகோணமலைக் கிளையில் ஒரு கிழமை வேலை என்று புறப்பட்ட அவசரத்தில் கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைச் சாமித்தட்டில் நிறுத்தினார். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த வெள்ளி வந்து புதுக் கண்ணாடி போடுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

"நான் ஏன் உதைத் தொடப்போறன்? இந்த வீட்டிலை கொட்டுறது ஆர், உடைக்கிறது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

அது நியாயமான பேச்சுத்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் உடைந்தது, சிந்தியது, கருகியது எல்லாம் கதிர்காமநாதனின் கைவண்ணம். பத்மாவதியின் கையிலிருந்து ஒரு கரண்டிகூட விழுந்ததில்லை. அந்தப் பெயர் அவளுக்குத் தாலிக்கொடிக்கு அடுத்த சொத்து. அது இப்போது ஒரு முகமூடிக்காரனின் நெற்றியில் ஈரமாகக் கிடந்தது.

முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். சந்தனம் போய்விட்டது. குங்குமம் போகாமல் பரவி, கடற்கழுகின் தலைக்குப் பின்னால் ஒரு சூரிய உதயத்தை உண்டாக்கியது.

எதிர்வீட்டுப் பஸீஹாவைக் கூப்பிட்டாள். பஸீஹாவுக்கு உலகத்தில் தெரியாத கைமருந்து கிடையாது.

"தேசிக்காய்ப் புளி போடுங்க அக்கா. எங்கட வீட்டுல புரியாணிக் கறையே அப்படித்தான் போக்கியது."

"இது கடுதாசியல்லோ?"

"துணிக்குச் சரி வந்தா கடுதாசிக்கு ஏன் சரி வராது?"

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தார்கள். சிவப்பு மங்கியது. கறுப்பு மை கிளம்பியது. கழுகு மூக்கு கரைந்து வாய் வழியாக நெஞ்சுவரை இறங்கியது. பதறிப்போன பஸீஹா ஓடிப்போய்த் தலைமயிர் காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து பிடித்தாள். தாள் நாலு மூலையும் சுருண்டு எழும்பியது. 'பிடியுங்கடா அவனை' என்ற பேச்சுக் கூண்டு பசை விட்டுப் பறந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது.

இரண்டு பேரும் குனிந்து படத்தைப் பார்த்தார்கள்.

"இப்ப கழுகு மாதிரி இல்ல அக்கா," என்றாள் பஸீஹா. "மழையில நனைஞ்ச காகம் மாதிரி ஈக்கிறார்."

பத்மாவதி கதிரையில் இருந்துவிட்டாள். பேச்சு வாங்குவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. கதிர்காமநாதனுக்கு ஒருவரையும் ஏசத் தெரியாது. காலையில் வேலைக்குப் போகிறபோது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை ஒருதரம் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு இனி வராதே என்பதுதான் அவளை வாட்டியது. அதோடு, இனிமேல் அவர் எதைக் கொட்டினாலும் வாயைத் திறக்க முடியாதே என்பதும் கொஞ்சம் வாட்டியது.

"இதே மாதிரி ஒண்டைக் கீறுவிச்சு வச்சிட்டா என்ன?" என்று கேட்டாள். கேட்டது தான்தான் என்று அவளுக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது.

மாதிரிக்குக் குறைவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் கதிர்காமநாதன் கடற்கழுகின் படத்தைத் தைப்பொங்கலுக்கும் போடுவார், யாருடைய பிறந்தநாளுக்கும் போடுவார்.

முதலில் பிடித்தது கிருலப்பனையில் இருக்கும் சிநேகிதி உஷாந்தியை. சித்திர ரீச்சர். கல்யாண வீடுகளுக்குக் கும்பம் எழுதினால் ஊரே நின்று பார்க்கும்.

"இதென்ன பெரிய வேலையே? நாளைக்குத் தாறன்," என்றாள் உஷாந்தி. சொன்னபடி தந்தாள். கோடு சுத்தம், தாள் சுத்தம். கடற்கழுகுக்கு நீளமான கண் இமைகள் முளைத்திருந்தன. கடத்தல்காரர் ஆறு பேரும் குளித்து முழுகி நவராத்திரிப் பூசைக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள்.

"வடிவாத்தான் இருக்கு உஷாந்தி. ஆனா இவர் பாயேல்லை, நிக்கிறார்."

"காலைத் தூக்கித்தானே வச்சிருக்கிறன்?"

"தூக்கியிருக்கிறார். ஆனா விழமாட்டன் எண்ட தைரியத்திலை தூக்கியிருக்கிறார். மற்றதிலை இந்தக் கால் விரலிலை ஒரு பயம் தெரியும். அந்தாள் ஒரே இழுவையிலை கீறினது."

உஷாந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எப்ப தொடக்கம் படம் பாக்க வெளிக்கிட்டனீ?"

பத்மாவதிக்கும் அது தெரியவில்லை. கதிர்காமநாதன் விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லும்போதெல்லாம் அவள் குசினியில் அல்லவா நின்றாள்? காது மட்டும் வரவேற்பறையிலேயே இருந்திருக்கிறது போலும்.

அடுத்தது மருதானையில் ஒரு விளம்பரப் பலகை எழுதுகிறவர். பஸீஹாவுக்குத் தெரிந்த இடம். சிங்களத்தில் கதைத்து விஷயத்தை விளங்கப்படுத்தினாள் பத்மாவதி. "அய்யே, மே வாகேம ஓனே," என்று போனை நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்று மூன்று தரம் அழுத்திச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"கலர் நெத்துவ மொகடத நோனா?"

நிறமில்லாமல் எதற்கு என்ற அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொன்னாள்தான். அவர் தலையை ஆட்டினார்தான். போய் எடுத்தபோது கடற்கழுகு கதவு அளவு பலகையில், எனாமல் பெயின்டில், செக்கச் செவேலென்ற சட்டையோடு பாய்ந்துகொண்டிருந்தார். கீழே, பழக்க தோஷத்தில், கடையின் தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தது. ஆட்டோவில் ஏற்றியபோது பலகை பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காலி வீதி நெடுகப் பஸ்ஸில் போனவர்கள் கடற்கழுகைக் கண்டு கையசைத்தார்கள். வீட்டில் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியபோதும் தலை வெளியே நின்றது.

புதன்கிழமை பின்னேரம் பஸீஹா போனோடு ஓடி வந்தாள். பேஸ்புக்கில் ஒருவர் அகப்பட்டிருக்கிறார். ஹெந்தளையில் இருக்கிறார், பெயர் றொஹான். படக்கதைப் படங்கள் ஓடருக்குக் கீறிக் கொடுப்பதுதான் தொழில். உலகமெங்கும் இருந்து ஆட்கள் கேட்டு எழுதுகிறார்களாம்.

பத்மாவதி உடனே செய்தி அனுப்பினாள். பதிலும் உடனே வந்தது.

"மன்னிக்கணும் மேடம். இந்த வருஷம் முடியிற வரைக்கும் ஓடர் எடுக்க மாட்டேன். நிறைய வேல இருக்கு."

"தம்பி, படத்தையாவது ஒருக்காப் பாருங்கோ," என்று எழுதிக் கடற்கழுகை அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார் என்று போன் காட்டியது. பத்மாவதி சாமித்தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அட்ரஸ் அனுப்புங்க மேடம். நாளைக்கு நானே கொண்டு வந்து தாறேன்," என்று வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. "பேர் போட்டுத் தரவா? வழக்கமா 'இன்னாருக்கு அன்புடன்'ன்னு எழுதித்தான் குடுப்பேன்."

"ஐயோ தம்பி, ஒரு பேரும் வேண்டாம்."

வருடம் முடியும்வரை முடியாது என்றவர் ஒரே நாளில் தருகிறேன் என்கிறாரே என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளையாருக்குப் பொட்டு ஒழுங்காக வைத்த பலன் என்று எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்தாள். வெள்ளிக்குத்தானே கதிர்காமநாதன் வருகிறார். வியாழன் படம் வரும், சட்டத்துக்குள் போகும், கதை முடிந்தது. அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

வியாழன் காலை அழைப்பு மணி அடித்தது. றொஹான் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், பெட்டியோடு கதிர்காமநாதன்.

"வேலை வேளைக்கு முடிஞ்சுது. இரவு ரெயினிலை வந்திட்டன்," என்றவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

அந்தக் குனிவுக்குள் பத்மாவதி ஓடிப்போய்ச் சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினாள்.

"என்னப்பா, ஏன் திரை போட்டிருக்கு?"

"துடக்கு," என்றாள். அவ்வளவு விரைவாக வாயில் வந்தது அந்தச் சாவுத் தீட்டு ஒன்றுதான்.

"துடக்கோ? ஆர் மோசம் போனது?"

இங்கேதான் சிக்கல். தன் பக்கத்தில் ஒருவரைச் சாகடித்தால் இந்த வீட்டுக்குத் துடக்கு வராது. கணவரின் வழியில்தான் ஒருவர் போக வேண்டும். கிட்டத்தில் இருப்பவரைச் சொன்னால் இப்போதே செத்தவீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். பத்மாவதி மனதுக்குள் வேகமாக உலகத்தைச் சுற்றி வந்தாள்.

"உங்கடை பெரியப்பாவின்ரை மகன். டென்மார்க் பூபாலசிங்கம் அண்ணை."

கதிர்காமநாதன் கையில் சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டார். "பூபாலண்ணையோ? நேற்றும் எனக்கு மெசேஜ் போட்ட மனுசன். என்னப்பா நடந்தது?"

"திடீரெண்டு."

"அண்ணி என்ன பாடோ," என்றவரின் கண் கலங்கிவிட்டது. பூபாலசிங்கம் அண்ணை பத்மாவதியின் கல்யாணத்துக்கு ஒரு நல்ல சேலை தந்த மனுசன். அவருக்கு ஆயுளைக் கொடு பிள்ளையாரே என்று மூடிய திரையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். அதற்குள் கதிர்காமநாதன் துக்கம் விசாரிக்கப் போனை எடுத்து இலக்கத்தை அழுத்திவிட்டார்.

போனை எடுத்தவர் செத்தவர்.

"ஓம் அண்ணை... இல்லை அண்ணை... சும்மாதான், குரலைக் கேக்கவேணும் போல இருந்தது. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை." போனை வைத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அவர் விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"அப்ப அது வேறை பூபாலசிங்கமாக்கும்," என்றாள் பத்மாவதி. "நிஷாந்திதான் சொன்னவள். அவளுக்கு எப்பவும் அரைகுறைக் கதை."

"நல்லது, நல்லது. ஆள் இருக்கிறாரே, அது போதும். அப்ப திரையைத் திறந்து விளக்கை வையப்பா. எங்கடை கடற்கழுகார் என்ன மாதிரி இருக்கிறார் எண்டு பாப்பம்."

அவர் சாமித்தட்டை நோக்கி நடந்தார். கை திரைக்கு எட்டப்போன நேரம் மணி மறுபடி அடித்தது. அந்த மணியைப் போல இனிமையான சத்தத்தைப் பத்மாவதி வாழ்க்கையில் கேட்டதில்லை. கதவைத் திறக்கக் கணவர் போன பிறகுதான் வந்திருப்பது யாராக இருக்கும் என்று நினைவு வந்தது.

வாசலில் தாடி வைத்த ஒரு இளைஞன், கையில் பெரிய மட்டை உறையோடு நின்றான். அவனும் கதிர்காமநாதனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கதிர்காமநாதனின் முகத்தில் இரத்தம் இல்லை.

"சேர்," என்று தொடங்கினான் அவன்.

"தம்பி, நீங்கள் வீடு மாறி வந்திட்டியள்," என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனார் கதிர்காமநாதன்.

"அட்ரஸ் சரிதான் சேர்."

"இல்லைத் தம்பி, மாறித்தான் வந்திட்டியள்."

பாவம், ஏதோ சாமான் விற்க வந்த ஆள் என்று நினைக்கிறார் என்று பத்மாவதிக்குப் பட்டது. இன்னொரு பொய்யைச் சொல்ல அவளிடம் தெம்பில்லை. காலையில் ஒரு ஆளைக் கொன்றிருக்கிறாள், அது போதும். நேரே போய்த் திரையை இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இங்கை வந்து பாருங்கோ. நான்தான் செய்தனான். போன வெள்ளி, நிஷாந்தியோடை கதைச்சுக்கொண்டு, எல்லாப் படத்துக்கும் வைக்கிற மாதிரி இதுக்கும் பொட்டு வச்சிட்டன். பிறகு துடைச்சன், தேசிக்காய் விட்டன், காத்துப் பிடிச்சன். எல்லாம் போச்சு. உந்தத் தம்பியிட்டைச் சொல்லி இன்னொண்டு கீறுவிச்சது உங்களை ஏமாத்தத்தான்."

கதிர்காமநாதன் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வாசலில் நின்றவனைப் பார்த்தார்.

"அதுக்கென்னப்பா, தாள்தானே," என்றார்.

தாள்தானே. அப்படிச் சொன்ன விருந்தாளி ஒருவரோடு இரண்டு வருடம் கதைக்காமல் இருந்த மனுசன் சொல்கிறார். பத்மாவதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு கிளாஸ் உடைச்சதுக்கு நான் உங்களை எத்தினை நாள் பேசியிருப்பன். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"விடப்பா. தம்பிக்கு நேரம் போகுது, அவரை அனுப்பிவிடுவம்."

"இனி நான் உங்களை ஒண்டும் சொல்லமாட்டன். அலுமாரியும் வேண்டாம். சுவர் முழுக்க உங்களுக்குத்தான்."

"சரி, சரி, அழாதை. தம்பி, நீங்கள் அதை அப்பிடியே வச்சிட்டுப் போங்கோ. நான் பிறகு போன் எடுக்கிறன்."

றொஹான் போகவில்லை. உறையைத் திறந்து படத்தை மேசையில் வைத்தான். பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். நீலப் பென்சில் கோடு இருந்தது. வெள்ளை மையின் தடிப்பும் அந்தந்த இடத்திலேயே இருந்தது. கால் விரலில் அந்தப் பயமும் இருந்தது.

"இவர் பாயிறார்," என்றாள் மெதுவாக. சொல்லிவிட்டு முன்னைவிட அதிகமாக அழத் தொடங்கினாள். "எவ்வளவு வடிவாக் கீறினாலும் அசல் அசல்தானே தம்பி. செத்துப்போன மனுசன்ரை கை அதிலை இருந்தது. இவர் அதை உயிராய் வச்சிருந்தவர். நான் அழிச்சுப் போட்டன்."

கதிர்காமநாதன் அவளுக்குப் பின்னால் நின்று றொஹானைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். றொஹானும் அதைக் கண்டான். ஆனாலும் ஒரு பொம்பிளை கண் முன்னால் அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

"அழாதீங்க மேடம், நீங்க பொட்டு வச்சதும் நான் கீறின படத்துக்குத்தான், அசல்ல சேர் போன வருஷமே, நீங்க கனடாவுக்குப் போயிருந்த நேரம், மீன் குழம்பக் கொட்டிட்டார்."